மூன்றடி உயரம் பறந்த தட்டு

பறக்கும் தட்டு ஒன்றை நேரில் பார்க்க ஆசையா? அதற்காக இரவெல்லாம் மொட்டை மாடியில் கண்விழித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் டேட்டன் என்றொரு நகரம் இருக்கிறது. விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களின் ஊர் அது. அங்குள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில், 18 அடி விட்டமுள்ள வட்டமான தட்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பெரிய விசிறி; இரு பக்கமும் ஆள் உட்காரச் சிறு கூண்டுகள். கதைப் புத்தகத்தின் அட்டைப் படத்திலிருந்து பெயர்த்தெடுத்து வைத்தது போலவே இருக்கும். வேறு கிரகத்திலிருந்து வந்ததன்று. கனடா நாட்டில் மனிதர்கள் செய்தது. அதன் பெயர் ஆவ்ரோகார்.

ஆண்டுதோறும் வகுப்பில் யாராவது ஒரு மாணவர் என்னிடம் கேட்பதுண்டு: "சார், பறக்கும் தட்டு என்று மக்கள் பார்த்ததெல்லாம் உண்மையில் வல்லரசுகள் இரகசியமாகச் செய்த தட்டு விமானங்கள்தாம் என்கிறார்களே, சரிதானா?" நல்ல கேள்வி. வேற்றுக்கிரக மனிதர்களை இழுத்து வராமல், பூமியிலேயே காரணம் தேடுகிற கேள்வி. ஆனால் இந்த விளக்கத்துக்குள் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரகசிய விமானம் என்பது ஒன்று. தட்டு வடிவம் என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துத் தனித்தனியே சோதித்துப் பார்ப்போம்.

தட்டு எங்கிருந்து வந்தது?

1947-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள். கென்னத் ஆர்னால்டு என்பவர், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள ரெய்னியர் மலைக்கு அருகே தம்முடைய சிறு விமானத்தை ஓட்டிச் சென்றுகொண்டிருந்தார். தீயணைப்புக் கருவிகள் விற்பது அவர் தொழில். திடீரென்று பளிச்சென்று ஓர் ஒளி. திரும்பிப் பார்த்தால், ஒன்பது பொருள்கள் வரிசையாக மலைகளை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தன. ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலை வரை செல்ல அவற்றுக்கு 1 நிமிடம் 42 விநாடி ஆனதைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இரு மலைகளுக்கும் இடையே சுமார் 47 மைல். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,650 மைலுக்கு மேல் வரும். ஆர்னால்டே இதை நம்பத் தயங்கி 1,200 மைல் என்று குறைத்துச் சொன்னார். அதுவும் அன்றைக்கு எட்டாத வேகம்தான். மனிதன் ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்ததே அதற்கு ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 14-ஆம் நாள்தான். அன்று சக் யேகர் எட்டிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 700 மைல்.

குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டு விளையாடியிருப்பீர்கள். சில்லு நீர்மேல் தத்தித் தத்திச் செல்லும் அல்லவா? தட்டு ஒன்றை நீர்மேல் அப்படி வீசினால் எப்படிப் போகுமோ அப்படி அவை போயின என்று ஆர்னால்டு சொன்னார். அவர் வருணித்தது அசைவை. பத்திரிகைகளோ அதை வடிவமாக்கி, ஓரிரு நாளில் 'பறக்கும் தட்டு' என்று தலைப்புக் கொடுத்துவிட்டன. பிற்பாடு அவர் தாம் கண்டவற்றுள் ஒன்று பிறைபோல் இருந்ததாகக் கூறியதை எத்தனை பேர் கவனித்தார்கள்? தட்டு என்ற சொல் முந்திக்கொண்டது. அதன்பின் வானில் எதைக் கண்டாலும் மக்கள் அதைத் தட்டாகவே கண்டார்கள்.

அந்த வேகக் கணக்கில் ஒரு நுட்பமும் இருக்கிறது. அவை மலைகளை ஒட்டிப் பறந்தன என்று வைத்துக்கொண்டால்தான் 47 மைல். தொலைவு பாதியாக இருந்திருந்தால் வேகமும் பாதிதான். அறியாத பொருள் ஒன்றின் உண்மையான அளவு தெரியாதபோது, கண்ணால் மட்டும் அதன் தொலைவைச் சொல்ல முடியாது. தொலைவு தெரியாதபோது வேகத்தையும் சொல்ல முடியாது. நம் கண்ணுக்குத் தெரிவது கோண அளவு மட்டுமே.

இது நடந்து பதினைந்து நாள் ஆவதற்குள், ஜூலை 8-ஆம் நாள், நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல் விமானத் தளம் தங்களிடம் ஒரு பறக்கும் தட்டு சிக்கியிருப்பதாக அறிவித்தது. சில மணி நேரத்தில் அது வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். உண்மை அவ்விரண்டும் அன்று. சோவியத் நாடு அணுகுண்டு சோதித்தால் அதன் ஓசை மேல் வளிமண்டலத்தில் நெடுந்தூரம் பரவும்; அதை ஒட்டுக்கேட்பதற்காக, ஒலிவாங்கிகளும் ரேடார் அலைகளைத் திருப்பும் தகடுகளும் கட்டிய பலூன் சரங்களை அமெரிக்கா இரகசியமாகப் பறக்கவிட்டு வந்தது. மோகல் திட்டம் என்று பெயர். ராஸ்வெலில் விழுந்தது அந்தச் சரங்களில் ஒன்று என்று அமெரிக்க விமானப்படை தன் விசாரணைக்குப் பின் 1994-இல் அறிவித்தது. இரகசியம் இருந்தது, தட்டுதான் இல்லை!

கனடாவின் தட்டு

தட்டு வடிவ விமானம் செய்ய மனிதன் முயலவே இல்லையா என்றால், முயன்றான். கனடாவில் டொராண்டோ நகருக்கு அருகே ஆவ்ரோ என்ற விமானத் தொழிற்சாலை இருந்தது. அங்கே ஜான் ஃபிராஸ்ட் என்ற பொறியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் இந்தக் கனவைக் காணத் தொடங்கினார். விமானம் ஓடுபாதையில் ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே எழும்ப வேண்டும். எழும்பியபின் ஒலியை மிஞ்சி விரைய வேண்டும். கனடா அரசு செலவுக்கு அஞ்சி விலகிக்கொண்டது. அமெரிக்க இராணுவம் பணம் கொடுத்தது. அவர்கள் எண்ணத்தின் உயரத்தைப் பாருங்கள்: 1956-இல் எழுதப்பட்டு, 2012-இல் வெளியான இரகசிய அறிக்கை ஒன்று, ஒலியைப் போல் மூன்று முதல் நான்கு மடங்கு வேகத்தையும் 100,000 அடி உயரத்தையும் குறிக்கோளாகச் சொல்கிறது.

அந்தப் பெரிய தட்டு காகிதத்தோடு நின்றது. உருவானது ஆவ்ரோகார் என்ற சிறு தட்டுத்தான். அதிலும் இரண்டே இரண்டு. அது வேலை செய்யும் முறை அழகானது. உள்ளே மூன்று ஜெட் எஞ்சின்கள். அவை கக்கும் சூடான வாயு, நடுவிலுள்ள 5 அடி விட்டமும் 124 தகடுகளும் கொண்ட விசிறியைச் சுழற்றும். விசிறி மேலிருந்து காற்றை உறிஞ்சி, தட்டுக்குள் எல்லாத் திசையிலும் விளிம்பை நோக்கித் தள்ளும். காற்று விளிம்பின் வளைவை ஒட்டித் திரும்பிக் கீழே பாயும். காற்று ஏன் வளைவை ஒட்டிப் போக வேண்டும் என்று கேட்கிறீர்களா? குழாயைத் திறந்து, மெல்லிய நீர்த்தாரையில் ஒரு கரண்டியின் முதுகைத் தொடுமாறு பிடித்துப் பாருங்கள். நீர் நேரே விழாமல் கரண்டியின் வளைவோடு ஒட்டித் திரும்பும். இதற்குக் கோவாண்டா விளைவு என்று பெயர்.

1959-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் ஆவ்ரோகார் கட்டு ஏதும் இல்லாமல் முதன்முதலாகத் தரையை விட்டு எழுந்தது. எவ்வளவு உயரம்? மூன்றடி! அதற்கு மேல் எழுந்தால் தள்ளாடியது. வேகம் மணிக்கு 35 மைல் வரைதான் வந்தது. நல்ல இறக்கத்தில் சைக்கிள்காரர் ஒருவர் துணிந்தால் எட்டிவிடக்கூடிய வேகம்.

ஏன் இப்படி ஆயிற்று? தட்டு கீழ்நோக்கித் தள்ளிய காற்று, தரைக்கும் தட்டின் அடிப்பாகத்துக்கும் இடையே அடைபட்டு ஒரு மெத்தை போலத் தாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த காற்று மெத்தை ஊர்தியும் இதே தத்துவத்தில்தான் சென்றது. தரையை நெருங்கியிருக்கும் வரை மெத்தை உண்டு. மூன்றடிக்கு மேலே போனால், விளிம்பு முழுவதிலிருந்தும் பாய்ந்த காற்றுத்தாரைகள் நடுவில் ஒன்றுகூடி ஒரே தூணாகிவிடும். அகன்ற மெத்தை போய், ஒற்றைத் தூணின்மேல் தட்டு நிற்க வேண்டும். எவர்சில்வர் தட்டு கைதவறித் தரையில் விழுந்தால், விளிம்பு மாறி மாறித் தரையைத் தொடக் கடகடவென்று ஆடி அடங்கும் அல்லவா? ஆவ்ரோகார் ஆடியது அப்படித்தான், ஆனால் அடங்கவில்லை!

இது எஞ்சினின் குறை என்று எண்ணிவிடாதீர்கள். வட்ட வடிவமே பறப்பதற்குச் சங்கடமானது. அட்டையில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டம் வெட்டி, சுழற்றாமல் நேராக வீசிப் பாருங்கள். முன்விளிம்பு தூக்கிக்கொண்டு குட்டிக்கரணம் போட்டு விழும். காற்றின் தூக்குவிசை முன்விளிம்பிலிருந்து கால் பங்குத் தொலைவில் செயற்படுகிறது. எடையோ நடுமையத்தில் இருக்கிறது. இரண்டும் ஓரிடத்தில் இல்லாததால் முன்பக்கத்தைத் தூக்கும் திருப்புவிசை பிறக்கிறது. சாதாரண விமானத்தில் வால் இதைச் சமன் செய்யும். தட்டுக்கு வால் ஏது? அதே அட்டையைச் சுழற்றி வீசுங்கள்; அழகாக மிதந்து போகும். சுழலும் பொருள் தன் அச்சுத் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது என்பதே காரணம். ஃபிராஸ்ட் இதை அறிந்தவர்தான். உள்ளே சுழலும் விசிறியையே பம்பரம்போல் பயன்படுத்தித் தட்டை நிலைநிறுத்தப் பார்த்தார். அது போதவில்லை.

மற்றொன்று, இறக்கையின் நீளம். இறக்கைக்குக் கீழே அழுத்தம் மிகுந்த காற்று, முனையைச் சுற்றி மேலே வழிந்து சுழலாகி ஆற்றலை வீணாக்கும். இறக்கை நீண்டு ஒடுங்கியிருந்தால் வீண் குறையும். இறக்கை விரிவின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் இதற்கு ஓர் அளவு கிடைக்கும். வட்டத்துக்கு அது 4-ஐ பை-ஆல் வகுத்த ஈவு, அதாவது 1.27 மட்டுமே. உயரே நெடுநேரம் பறக்கும் விமானங்களுக்கு அது 10-க்கும் மேல் இருக்கும். கழுகின் இறக்கையையும் இட்லியின் உருவத்தையும் மனத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சுமார் 1 கோடி டாலரை விழுங்கியபின், 1961 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. ஹிட்லரின் ஜெர்மனி பிரமாதமான தட்டுகளைச் செய்து பறக்கவிட்டது என்ற கதையும் உலவுகிறது. அக்கதை 1950-இல்தான் பத்திரிகைகளில் தலைகாட்டியது. ஆதாரமான ஆவணம் ஒன்றும் கிடைத்ததில்லை. 1944-இல் ஆர்தர் சாக் என்ற ஜெர்மானியர் வட்ட இறக்கை வைத்துச் செய்த விமானம், ஓடுபாதையில் ஓடித் துள்ளியதோடு சரி.

ஆகவே, மணிக்கு 1,200 மைல் வேகத்தில் மலைகளுக்கிடையே விரைந்த பொருள்களுக்கு ஆவ்ரோகாரைக் காரணமாகச் சொல்ல முடியாது. 1947-இல் அது ஒரு வரைபடமாகக்கூட இல்லை.

மறைத்தது எதை?

சுவையான பகுதி இனிமேல்தான். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், அமெரிக்க விமானப்படைச் செயலர் டொனால்டு குவார்ல்ஸ் ஓர் அறிக்கை வெளியிட்டார். விசித்திர வடிவ விமானங்கள் வரப்போகின்றன, கனடாவின் ஆவ்ரோவோடு தட்டு வடிவ விமானத்துக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறோம் என்று அதில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, நெவாடா மாநிலத்துப் பாலைவனத்தில் குரூம் ஏரி என்னும் வற்றிய ஏரிப்படுகையிலிருந்து வேறொரு விமானம் பறக்கத் தொடங்கியிருந்தது. அதைப்பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

அதுதான் யூ-2. சி.ஐ.ஏ. என்னும் அமெரிக்க உளவுத் துறைக்காக லாக்ஹீடு தொழிற்சாலை செய்த வேவு விமானம். தட்டுக்கும் அதற்கும் துளியும் ஒற்றுமை இல்லை. 80 அடி நீள ஒடுங்கிய இறக்கையுள்ள விமானம். அதன் சிறப்பெல்லாம் உயரம். அக்காலத்துப் பயணி விமானங்கள் 10,000 முதல் 20,000 அடி உயரத்தில் பறந்தன. யூ-2 பறந்தது 60,000 அடிக்கும் மேலே. அங்கே ஒரு விமானம் இருக்கக்கூடும் என்று பயணி விமானிகள் கனவிலும் எண்ணியதில்லை.

அந்தி நேரத்தில் பயணி விமானம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சூரியன் மறைந்துவிட்டது. சுற்றிலும் இருள் சூழ்கிறது. தலைக்குமேல் வெகு உயரத்தில் இருக்கும் யூ-2-க்கு இன்னும் சூரியன் மறையவில்லை. முதலில் வந்த யூ-2 விமானங்கள் வெள்ளித் தகடு போலப் பளபளத்தன. கீழேயுள்ள விமானிக்கு, இருண்ட வானில் தீப்பிழம்பு ஒன்று மிதப்பதாகத் தோன்றும்.

இதைப் பித்தாகரஸ் தேற்றத்தைக் கொண்டே கணக்கிடலாம். பூமியின் ஆரம் 6,370 கி.மீ.; யூ-2-வின் உயரம் 18 கி.மீ. என்று கொள்வோம். பூமியின் மையம், விமானம், விமானத்திலிருந்து தெரியும் தொடுவானப் புள்ளி ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம். கர்ணம் 6,388; ஒரு பக்கம் 6,370. மூன்றாவது பக்கம் ஏறத்தாழ 479 கி.மீ. வரும். 479-ஐ 6,370-ஆல் வகுத்து, அதை டான்ஜெண்டாகக் கொண்ட கோணத்தை அட்டவணையில் பாருங்கள்: 4.3 பாகை. தரையில் உள்ளவருக்குச் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 4.3 பாகை இறங்கும் வரை அந்த விமானத்துக்கு வெயில் உண்டு. சூரியன் 1 பாகை நகர 4 நிமிடம். ஆக 17 நிமிடம். சூரியன் சாய்வாக இறங்கும் நெவாடா போன்ற வட பகுதிகளில் இன்னும் சற்றுக் கூடும். 6 கி.மீ. உயரத்தில் செல்லும் பயணி விமானத்துக்கு இதே கணக்குப் போட்டால் 2.5 பாகை, 10 நிமிடம். மீதி 7 நிமிடம், கீழே இருட்டு, மேலே நெருப்பு!

சரி, விமானி அதை விமானம் என்று கண்டுகொண்டிருக்கலாமே? 80 அடி என்பது 24 மீட்டர். நம் கண்ணால் பிரித்தறிய முடிவது ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 24 மீட்டர் பொருள் 80 கி.மீ.க்கு அப்பால் போனால் அதைவிடச் சிறிதாகிவிடும். இறக்கையும் தெரியாது, வாலும் தெரியாது. ஒளிப்புள்ளி மட்டும் தெரியும். அதற்கு வடிவம் கொடுப்பது பார்ப்பவரின் மனம். மனத்தில் 1947 முதலே தட்டு குடியேறியிருந்தது.

விமானிகள் கடிதம் எழுதினார்கள். அவை போய்ச் சேர்ந்த இடம், டேட்டன் நகர விமானப்படைத் தளம். பறக்கும் தட்டுச் செய்திகளை விசாரித்த 'புளூ புக்' என்னும் பிரிவு அங்குதான் இருந்தது. அப்பிரிவினர் வாஷிங்டனில் இருந்த யூ-2 திட்ட அலுவலரைக் கேட்டு, அன்றன்று விமானம் பறந்த குறிப்போடு ஒத்துப் பார்ப்பார்கள். பொருந்திவிடும். ஆனால் கடிதம் எழுதியவருக்கு அதைச் சொல்ல முடியாதே! பனிப்படிகம், வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று ஏதேனும் ஓர் இயற்கைக் காரணத்தைச் சொல்லி அனுப்பினார்கள். இதைச் சி.ஐ.ஏ.யின் வரலாற்று ஆய்வாளர் ஜெரால்டு ஹெயின்ஸ் 1997-இல் வெளிவந்த தம் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. தரைக்கருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பக் காற்றும் அமைந்து ஒளிக்கதிரை வளைப்பது உண்மையான நிகழ்ச்சி. அதைப் பொய்க்குப் போர்வையாக்கினார்கள். தாம் கண்டதைக் கண்டபடி எழுதிய விமானி ஏமாந்தவரானார். பிற்காலத்தில் அரசு சரியான விளக்கம் சொன்னபோதும் மக்கள் நம்ப மறுத்ததில் வியப்பென்ன?

ஹெயின்ஸ் மற்றொன்றும் சொல்கிறார். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வந்த தட்டுச் செய்திகளில் பாதிக்கு மேற்பட்டவை யூ-2-வாலும், அதன்பின் வந்த அதிவேக வேவு விமானங்களாலும் விளைந்தவையாம். இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். எந்த நாளின் செய்தி எந்த விமானத்தோடு பொருந்தியது என்ற பட்டியல் அக்கட்டுரையில் இல்லை. புளூ புக் கணக்கில் மிகுதியான செய்திகள் வந்த ஆண்டு 1952, மொத்தம் 1,501. யூ-2 பிறப்பதற்கு மூன்றாண்டு முன்பு! அடுத்து எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது 1957-இல். அந்த அக்டோபரில் ஸ்புட்னிக் ஏவப்பட்டதும் உலகமே அண்ணாந்து பார்க்கத் தொடங்கியதை மறக்கக் கூடாது. மேலும், நாம் போட்ட கணக்கின்படி யூ-2 ஒளிர்வது அந்தியிலும் விடியலிலும் சில நிமிடங்கள்தாம். நள்ளிரவில் மரங்களுக்கு மேலே கண்ட ஒளிக்கு அது காரணமாகாது. அவற்றுள் வெள்ளிக் கோளும் எரிகற்களும் பலூன்களும் நிறைய இருந்தன. 1969-இல் புளூ புக் மூடப்பட்டபோது மொத்தச் செய்திகள் 12,618. விளக்கம் காணாமல் நின்றவை 701.

1960 மே 1-ஆம் நாள் சோவியத் நாடு ஒரு யூ-2-வைச் சுட்டு வீழ்த்தியது. விமானத்தின் இரகசியம் அன்றோடு போயிற்று. அது பிறந்த குரூம் ஏரித் தளத்தின் பெயரைச் சி.ஐ.ஏ. தன் ஆவணங்களில் மறைக்காமல் வெளியிட்டதோ 2013-இல்தான்.

விமானிகள் கண்ட அந்தக் காட்சியின் பெரிய பதிப்பை நீங்கள் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். வானம் தெளிவாக உள்ள நாளில், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து வெட்டவெளியில் நின்று பாருங்கள். மினுக்காமல், ஓசையில்லாமல், நட்சத்திரம் போன்ற புள்ளி ஒன்று நகர்ந்து போகக்கூடும். செயற்கைக்கோள். பன்னாட்டு விண்வெளி நிலையமாக இருந்தால் நல்ல ஒளியோடு இருக்கும். அதன் உயரம் ஏறத்தாழ 400 கி.மீ.; மேற்சொன்ன முக்கோணத்தில் 18-க்குப் பதில் 400 போட்டு, உங்கள் தலைக்கு நேர்மேலே எவ்வளவு நேரம் வரை அதற்கு வெயில் இருக்கும் என்று கணக்கிடுங்கள். 1 மணி 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக விடை வர வேண்டும். சில வேளை அது தொடுவானம் வரை போகாமல் நடுவானிலேயே மங்கி, சிவந்து, அணைந்துவிடும். பூமியின் நிழலுக்குள் அது நுழைந்த இடம் அது.